ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்? தாலசீமியா மரபணு அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ள

எங்கள் இரத்த நோய்ப் பிரிவுக்குக் குழந்தையோடு வரும் பெற்றோர் பலருடைய கோப்பில், இரத்தம் ஏற்றிய சீட்டுகளுக்கும் ஃபெரிட்டின் அறிக்கைகளுக்கும் நடுவே, மரபணு ஆய்வறிக்கை ஒன்று நான்காக மடித்து வைக்கப்பட்டிருக்கும். பக்கம் முழுவதும் அச்சிட்டிருந்தாலும் அதன் உயிர்நாடி ஒரே வரிதான். "ஐ.வி.எஸ். 1-5, ஜி இடத்தில் சி" என்றோ, "கோடான் 15, ஜி இடத்தில் ஏ" என்றோ, "கோடான் 41/42, நான்கு எழுத்துகள் நீக்கம்" என்றோ அவ்வரி அமைந்திருக்கும். அதைக் கையில் வாங்கிய நாளில் மருத்துவர் விளக்கியும் இருப்பார். ஆனால் குழந்தைக்குத் தாலசீமியா என்று கேட்ட நாளில் வேறு எந்தச் சொல்லும் காதில் ஏறுவதில்லை.

அந்த ஒரு வரியை இவ்விதழில் விளக்க முற்படுகிறோம். இது யாரால் வந்தது? அடுத்த குழந்தைக்கும் வருமா? ஒரே நோய் என்கிறீர்கள். பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு ஆண்டுக்கு இரண்டு முறை இரத்தம் போதும்போது எங்கள் குழந்தைக்கு மட்டும் ஏன் மூன்று வாரத்திற்கு ஒரு முறை? பெற்றோர் எங்களிடம் கேட்கும் இக்கேள்விகளுக்கான விடையின் பெரும்பகுதி அந்த வரியிலேயே இருக்கிறது.

முதலில் உடல் தன் புரதத்தை எப்படிச் செய்கிறது என்று பார்ப்போம். நமது ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் டி.என்.ஏ. எனும் மூல ஆவணம் உள்ளது. சார்பதிவாளர் அலுவலகத்திலுள்ள மூலப் பதிவேட்டை வெளியே கொண்டுசெல்ல விடமாட்டார்கள். வேண்டிய பக்கத்திற்குச் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். செல்லும் அவ்வாறே செய்கிறது. தேவையான மரபணுவுக்கு மட்டும் ஒரு நகல் எடுக்கிறது. தூது ஆர்.என்.ஏ. என்பது அந்த நகல்தான். அது உட்கருவை விட்டு வெளியே வந்ததும், ரைபோசோம் எனும் நுண்ணிய பட்டறை அதைப் பற்றிக்கொள்கிறது. நகலிலுள்ள எழுத்துகளை மூன்று மூன்றாகப் படித்து, ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலம் என்ற கணக்கில் கோத்துக்கொண்டே போகிறது. நங்கூரச் சங்கிலியை வளையம் வளையமாக இணைப்பதைத் துறைமுகப் பட்டறையில் பார்த்தவர்களுக்கு இதைக் கற்பனை செய்வது கடினமன்று. அவ்வாறு கோக்கப்பட்ட சங்கிலிதான் புரதம். எழுத்திலிருந்து சங்கிலிக்கு மாற்றும் இந்தப் பணியை அறிவியலில் மொழிபெயர்ப்பு என்றே அழைக்கிறார்கள்.

அந்த மூன்றெழுத்துச் சொல்லின் பெயர்தான் கோடான். எந்தக் கோடானுக்கு எந்த அமினோ அமிலம் என்ற அகராதியைக் கண்டறிந்தமைக்காக ஹர் கோவிந்த் கொரானா, மேலும் இருவருடன் 1968ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ரைபோசோமின் உள்ளமைப்பை அணு அளவில் வரைந்து காட்டியமைக்காக 2009இல் வேதியியல் நோபல் பெற்ற மூவருள் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். இந்த அகராதியில் மொத்தம் 64 சொற்கள் உள்ளன. அவற்றுள் மூன்று சொற்களுக்கு அமினோ அமிலம் எதுவும் கிடையாது. அவை 'இத்துடன் நிறுத்து' என்ற கட்டளைகள். இந்த மூன்று சொற்களை நினைவில் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரத்தத்தின் சிவப்பு நிறத்திற்குக் காரணமான ஹீமோகுளோபின், நான்கு சங்கிலிகள் சேர்ந்த ஒரு புரதம். ஆல்ஃபா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. ஆல்ஃபாவில் 141 அமினோ அமிலங்களும் பீட்டாவில் 146 அமினோ அமிலங்களும் உள்ளன. பீட்டா சங்கிலிக்கான மரபணுவில் பிழை நேர்ந்தால் வருவதே பீட்டா தாலசீமியா. அதில் இதுவரை 300க்கும் மேற்பட்ட பிழைகள் கண்டறியப்பட்டுள்ளன. ஆனால் நம் நாட்டு நோயாளிகளில் பெரும்பாலோரிடம் காணப்படுபவை விரல்விட்டு எண்ணக்கூடிய ஐந்தாறு பிழைகளே.

பிழைகள் எத்தனை வகைப்படும் என்பதை ஒரு தமிழ்ச் சொற்றொடரைக் கொண்டே விளக்கலாம். காசிமேட்டில் எந்த நாளிலும் காதில் விழக்கூடிய தொடர்தான்:

தம்பி வந்து படகு கழுவு.

ஒவ்வொரு சொல்லிலும் மூன்றே எழுத்துகள் இருப்பதைக் கவனியுங்கள். ரைபோசோமுக்குச் சொற்களுக்கிடையே இடைவெளி தெரியாது. 'தம்பிவந்துபடகுகழுவு' என்று ஒரே நீளமாகத்தான் அது பார்க்கிறது. மூன்று எண்ணி வெட்டுவது மட்டுமே அதற்குத் தெரியும்.

இப்போது ஓர் எழுத்தை மாற்றுவோம். நான்காம் சொல்லில் 'க' இருந்த இடத்தில் 'த' விழுகிறது. 'தம்பி வந்து படகு தழுவு' என்றாகிறது. தொடர் முழுமையாக இருக்கிறது, இலக்கணமும் கெடவில்லை. ஆனால் தம்பி செய்யப்போகும் வேலை வேறு. மரபணுவில் இத்தகைய பிழை நேரும்போது சங்கிலி முழு நீளத்தில் உருவாகிவிடுகிறது, ஒரு வளையம் மட்டும் வேறாகிறது. அரிவாளணு நோய் இவ்வகையைச் சேர்ந்தது. பீட்டா சங்கிலியின் 6ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்துவிடுகிறது. 146இல் ஒன்றுதான். ஆயினும் பிராணவாயு குறையும்போது அந்தப் பிழையுள்ள ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பிபோல் நீண்டு சிவப்பணுவையே வளைத்துவிடுகின்றன. நீலகிரியின் பழங்குடி மக்களிடையே இந்நோய்க்கூறு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1952இலேயே பதிவுசெய்துள்ளனர்.

ஹீமோகுளோபின் ஈ என்பதும் இதே இனம். 26ஆம் கோடானில் ஓர் எழுத்து மாறுவதால் வருவது. வங்கத்திலும் வடகிழக்கு மாநிலங்களிலும் மிகுதி. அங்கிருந்து எண்ணூர், மணலித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்து இங்கேயே குடும்பமாகிவிட்டவர்கள் உண்டு என்பதால், வடசென்னையில் பணியாற்றும் நாங்கள் இதை மறந்துவிட முடியாது. ஹீமோகுளோபின் ஈ மட்டும் இருந்தால் பெரிய தொல்லை இல்லை. ஒரு பக்கம் ஈ, மறு பக்கம் தாலசீமியா என இரண்டும் ஒரு குழந்தையிடம் சேர்ந்தால் நோய் உண்டாகும்; சிலருக்கு இலேசாகவும் சிலருக்குக் கடுமையாகவும்.

அடுத்த வகைப் பிழையில், நடுவில் உள்ள ஒரு சொல் 'இத்துடன் நிறுத்து' என்ற கட்டளையாக மாறிவிடுகிறது. தொடர் 'தம்பி வந்து' என்பதோடு நின்றுபோகிறது. அறிக்கையில் 'கோடான் 15, ஜி இடத்தில் ஏ' என்று இருந்தால் நடந்திருப்பது இதுவே. டிரிப்டோபேன் எனும் அமினோ அமிலத்தைக் குறிக்கும் 'டி.ஜி.ஜி.' என்ற சொல், ஓரெழுத்து மாறி 'டி.ஏ.ஜி.' ஆகிறது. முன்னர்ச் சொன்ன மூன்று கட்டளைகளுள் அது ஒன்று. 146 வளையம் கோக்க வேண்டிய பட்டறை 14உடன் கையை எடுத்துவிடுகிறது. மனிதரில் தாலசீமியாவுக்கு இப்படியொரு காரணம் இருக்கக்கூடும் என்பதைச் சாங், கான் என்ற இருவர் 1979இல் முதன்முதலாக நிறுவினர்.

இங்கே வியப்பான செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். பாதியில் நின்ற சங்கிலிகள் செல்லில் குவிந்துகிடக்கும் என்று நினைப்போம். அப்படிக் கிடப்பதில்லை. நகலில் நிறுத்தக் கட்டளை உரிய இடத்திற்கு வெகு முன்பாகவே வந்துவிட்டதைச் செல் கண்டுகொண்டு, அந்த நகலையே சிதைத்து அழித்துவிடுகிறது. அரைகுறைப் புரதத்தைவிடப் புரதமே இல்லாமலிருப்பது மேல் என்பது செல்லின் முடிவு. அந்த முடிவு சரி என்பதற்குச் சான்றும் உண்டு. 121ஆம் கோடானில், அதாவது தொடரின் கடைசிப் பகுதியில், நிறுத்தக் கட்டளை விழும் அரிய குடும்பங்கள் உள்ளன. அத்தனை பின்னால் விழுவதால் செல்லின் கண்காணிப்பில் அது சிக்குவதில்லை. பெரும்பகுதி முடிந்த, ஆனால் உருக்குலைந்த சங்கிலிகள் உருவாகிச் சிவப்பணுக்களின் முன்னோடிகளைக் கெடுக்கின்றன. வழக்கமான தாலசீமியாவுக்குத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிழை வர வேண்டும். இவ்வகையிலோ ஒருவரிடமிருந்து வந்தாலே நோய். முன்னால் நிற்பது மோசம், பின்னால் நிற்பது பரவாயில்லை என்று பொது அறிவு சொல்லும். மரபணு அப்படி நடந்துகொள்வதில்லை.

மூன்றாவது வகையில் ஓர் எழுத்து விடுபட்டுப்போகிறது. நம் தொடரில் 'ந்' என்பதை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் மூன்று மூன்றாக வெட்டுங்கள்: 'தம்பி வதுப டகுக ழுவு'. முதல் சொல் மட்டும் தப்பியது. மற்றவை பொருளற்ற ஒலிகள். விடுபட்டது ஓரெழுத்து, கெட்டது அதன் பின்னாலுள்ள அனைத்தும். இந்தியாவில் அடிக்கடி காணப்படும் 'கோடான் 8/9' பிழையில் ஓர் எழுத்து கூடுதலாக நுழைகிறது. 'கோடான் 41/42' பிழையில் நான்கு எழுத்துகள் விடுபடுகின்றன. இரண்டிலும் வெட்டும் வரிசை பிறழ்ந்து, பொருளற்ற சொற்களுக்கிடையே விரைவில் ஒரு நிறுத்தக் கட்டளையும் தோன்றிவிடுகிறது. அந்த மரபணுவிலிருந்து பீட்டா சங்கிலி ஒன்றுகூட வராது.

விடுபட்டவை மூன்று எழுத்துகளாக இருந்தால்? 'வந்து' முழுவதும் போய் 'தம்பி படகு கழுவு' என்று நிற்கும். பொருள் கெடவில்லை. எனவே எத்தனை எழுத்து போயிற்று என்பதைவிட, அது மூன்றால் வகுபடுமா என்பதே முதன்மையானது. தசைச் சிதைவு நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் இது பொருந்தும். டிஸ்ட்ரோஃபின் மரபணுவில் பெரிய துண்டே காணாமற்போயிருந்தாலும், வரிசை பிறழாமலிருந்தால் பெரும்பாலும் இலேசான பெக்கர் வகையாக அமைகிறது. சிறு துண்டு போயிருந்தாலும் வரிசை பிறழ்ந்துவிட்டால் கடுமையான டுஷேன் வகையாகிறது. அறிக்கையில் நீக்கத்தின் அளவைப் பார்த்து மட்டும் அஞ்சவோ ஆறுதல் கொள்ளவோ வேண்டாம்.

இனி, நம் நாட்டுத் தாலசீமியாவில் மிகுதியாகக் காணப்படும் 'ஐ.வி.எஸ். 1-5'. இது சற்று வேறானது. இங்கே சொற்கள் எவையும் மாறவில்லை. பீட்டா மரபணு ஒரே தொடர்ச்சியாக எழுதப்படவில்லை; நடுநடுவே புரதத்திற்கு வேண்டாத பகுதிகள் இரண்டு உள்ளன. நகலெடுத்த பின் அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை ஒட்டிய பிறகுதான் நகல் வெளியே அனுப்பப்படும். முதல் வேண்டாப் பகுதி 130 எழுத்து நீளமுள்ளது. அதன் 5ஆம் எழுத்தில் நேரும் மாற்றமே ஐ.வி.எஸ். 1-5. கத்தரி வைக்க வேண்டிய இடத்தை அடையாளம் காட்டும் எழுத்துகளுள் அதுவும் ஒன்று. அடையாளம் மங்கிவிட்டதால் கத்தரி பெரும்பாலும் தவறான இடத்தில் விழுகிறது. அந்த நகல்கள் வீணாகின்றன. எப்போதேனும் சரியான இடத்தில் விழும்போது சிறிதளவு நல்ல பீட்டா சங்கிலி கிடைக்கிறது. அறிக்கைகளில் 'பீட்டா பூஜ்யம்' என்றும் 'பீட்டா பிளஸ்' என்றும் எழுதுவது இந்த வேறுபாட்டைத்தான். கோடான் 15, 8/9, 41/42 ஆகியவை பூஜ்யம். ஐ.வி.எஸ். 1-5 பிளஸ் என்றாலும், கடுமையான பிளஸ். இரு பக்கமும் அதுவே இருந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. 'பிளஸ்' என்ற சொல்லைப் பார்த்து நம்பிக்கை கொண்டு வரும் பெற்றோரிடம் இதைச் சொல்வது எங்களுக்கு எளிதாயிருப்பதில்லை.

பீட்டா சங்கிலி குறைந்தால் இரத்தம் குறையும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். உண்மையான கேடு மறு பக்கத்தில் நிகழ்கிறது. ஆல்ஃபா சங்கிலிகள் வழக்கம்போல் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. இணை கிடைக்காத அவை எலும்பு மஜ்ஜையில் வளரும் செல்களுக்குள் படிந்து, அவை இரத்தத்திற்கு வருமுன்பே அவற்றைக் கொன்றுவிடுகின்றன. ஈடுகட்ட மஜ்ஜை விரிகிறது, முகத்தின் எலும்புகள் புடைக்கின்றன, மண்ணீரல் வீங்குகிறது. தவறாமல் இரத்தம் ஏற்றச் சொல்வது சோர்வைப் போக்க மட்டுமன்று. மஜ்ஜையின் இந்த வீண் உழைப்பை அடக்கி வைக்கவும்தான். அடுத்த முறை ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் 9.5க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. குழந்தை விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது என்று இரண்டு வாரம் தள்ளிப்போடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

பிறந்தபோது நன்றாகத்தானே இருந்தான் என்று கேட்பார்கள். உண்மை. கருவில் இருக்கும் குழந்தை பீட்டா சங்கிலியைப் பயன்படுத்துவதில்லை; காமா என்ற வேறொரு சங்கிலி அந்த வேலையைச் செய்கிறது. பிறந்த சில மாதங்களில் காமா மரபணு படிப்படியாக அடங்கிப் பீட்டா பொறுப்பேற்கும். பொறுப்பேற்க ஆளில்லை என்பது அப்போதுதான் தெரியவரும். ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் வெளிறத் தொடங்குவது இதனால்தான். சிலரிடம் காமா முழுவதும் அடங்குவதில்லை. அவர்களுக்கு நோய் இலேசாக இருக்கும். ஆல்ஃபா சங்கிலியும் பிறவியிலேயே சற்றுக் குறைவாக உருவாகுமானால், ஏற்றத்தாழ்வு குறைந்து அப்போதும் நோய் தணியும். ஒரே எழுத்துப் பிழையுள்ள இரு குழந்தைகளுக்கு வெவ்வேறு விதமாக நோய் அமைவதன் காரணங்கள் இவை. பக்கத்துப் படுக்கைக் குழந்தையோடு ஒப்பிட்டு உங்கள் கவனிப்பில் குறை தேடாதீர்கள்.

இது யாரால் வந்தது? எண்ணூர்ப் பக்கத்துப் பெற்றோர் பலர் எங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்பது, அனல் மின் நிலையச் சாம்பலாலா, ஆலைப் புகையாலா என்று. அந்தக் காற்று நுரையீரலுக்குச் செய்யும் தீங்கைப் பற்றி நாங்கள் பேசத் தயங்கமாட்டோம். ஆஸ்துமாப் பிரிவின் கூட்டமே அதற்குச் சாட்சி. புகையும் புகையிலையும் நுரையீரல் செல்லின் டி.என்.ஏ.வைக் கெடுத்துப் புற்றுநோய் வரச்செய்யவும் கூடும். ஆனால் அப்பிழை அந்த நுரையீரலோடு நின்றுவிடும், பிள்ளைக்குச் செல்லாது. தாலசீமியாவின் எழுத்துப் பிழைகள் ஆலைகள் தோன்றுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே ஏற்பட்டுத் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருப்பவை. ஒரு பக்கம் மட்டும் பிழை உடையவரைக் கடும் மலேரியா எளிதில் கொல்வதில்லை; அதனால்தான் மலேரியா மிகுந்த நாடுகளில் அப்பிழை அழியாமல் தங்கிவிட்டது. இந்தக் கருத்தை 1949இல் முன்வைத்த ஹால்டேன் பின்னாளில் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். உங்கள் முன்னோரைக் காய்ச்சலிலிருந்து காத்த அதே எழுத்துதான் இன்று குழந்தையைத் தேடி வந்திருக்கிறது.

கர்ப்ப காலத்தில் தாய் உண்டதோ, உண்ணாததோ, கிரகணத்தில் வெளியே வந்ததோ இதற்குக் காரணமில்லை. பிழை தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று எனச் சரிபாதியாகவே வந்தது. மருமகளின் இரத்தத்தில்தான் குறை என்று சொல்லி அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிய குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அறிக்கையில் இரண்டு பிழைகள் இருப்பதை விரல் வைத்துக் காட்டி, ஒன்று உங்கள் மகனுடையது என்று சொல்ல வேண்டியிருந்தது.

சொந்தத்தில் மணம் முடிப்பதைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். தாய்மாமனும் மருமகளும், அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே முன்னோரின் மரபணுவைப் பகிர்ந்துகொள்பவர்கள். அந்த முன்னோரிடம் ஒரு பிழை இருந்திருந்தால், இருவரிடமும் அதுவே இருக்கும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம். குழந்தைக்கு இரு பக்கமும் ஒரே பிழை அமைவது அப்படித்தான். எனினும் சொந்தமில்லாத தம்பதியருக்கும் இந்நோயுள்ள குழந்தை பிறப்பதுண்டு. இந்தியாவில் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பேர் ஒரு பக்கப் பிழையுடன் எந்தத் தொல்லையுமின்றி வாழ்கிறார்கள் என்பது மதிப்பீடு. ஆண்டுதோறும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இந்நோயுடன் பிறக்கிறார்கள்.

ஒரு பக்கப் பிழை உள்ளவரை 'கடத்துநர்' என்கிறோம். அவர் நோயாளி அல்லர். ஒரு பக்க மரபணு ஒழுங்காக வேலை செய்வதால் வேண்டிய அளவு பீட்டா சங்கிலி கிடைத்துவிடுகிறது. சிவப்பணுக்கள் மட்டும் சற்றுச் சிறியவையாக இருக்கும். இங்கேதான் ஒரு குழப்பம் நேர்கிறது. இரும்புச்சத்துக் குறைவிலும் சிவப்பணு சிறுத்துப்போகும். எனவே கடத்துநராகிய பெண்ணுக்கு 'இரத்தம் குறைவு' என்று ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை தரப்படுவதும், அளவு ஏறவில்லையென்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை எனக் கடிந்துகொள்ளப்படுவதும் நடக்கின்றன. ஃபெரிட்டின் பார்த்து இரும்புச்சத்து போதிய அளவு இருப்பது தெரிந்தால், மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதில் பொருளில்லை. ஆயினும் கர்ப்ப காலத்தில் வழக்கமாகத் தரப்படும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிட வேண்டாம்; கடத்துநருக்கும் இரும்புச்சத்துக் குறைவு வரலாம்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையிலோ கர்ப்பிணிக்கு எடுக்கும் முழு இரத்தப் பரிசோதனைத் தாளில் 'எம்.சி.வி.' என்றொரு வரி இருக்கும். அது 80க்குக் கீழே இருந்தால் கேள்வி கேளுங்கள். அடுத்த பரிசோதனை ஹெச்.பி.எல்.சி. எனப்படுவது. அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்பது 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கடத்துநர் என்று பொருள். உடனே கணவருக்கும் அதே பரிசோதனையைச் செய்ய வேண்டும். கணவருக்கு இயல்பாக இருந்தால் அச்சமில்லை. இருவரும் கடத்துநர் என்றால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு நோய் வரும். 'ஒவ்வொரு கருவிலும்' என்பதை அழுத்திச் சொல்கிறோம். முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

இங்கே காலம் மிக முக்கியம். பெற்றோரின் பிழை எந்த எழுத்து என்று முன்பே தெரிந்திருந்தால், கருவுற்ற 11 முதல் 13 வாரத்திற்குள் நஞ்சுக்கொடியிலிருந்து சிறிதளவு திசு எடுத்து, கருவிடம் அந்தப் பிழை உள்ளதா என்று பார்த்துவிடலாம். எந்த எழுத்தைத் தேடுவது என்பதே தெரியாமல் ஐந்தாம் மாதத்தில் வந்தால், தேடி முடிப்பதற்குள் நாள் ஓடிவிடும். மடித்து வைத்த அந்த அறிக்கையின் உண்மையான பயன் இதில்தான் இருக்கிறது. சோதனைக்குப் பிறகு என்ன செய்வது என்பது பெற்றோரின் முடிவு. சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள் உள்ள வழிகளை எடுத்துச் சொல்வது மட்டுமே எங்கள் வேலை; கருவைத் தொடர்வதென்று முடிவு செய்த குடும்பங்களுக்கும் நாங்கள்தான் மருத்துவர்கள்.

சிகிச்சை அந்த எழுத்தைத் திருத்துமா? இரத்தம் ஏற்றுவது திருத்துவதில்லை. வேறொருவரின் ஹீமோகுளோபினை இரவல் பெறுகிறோம். ஒவ்வொரு பையிலும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பும் சேர்ந்து வருகிறது. அதை வெளியேற்ற உடலுக்கு இயல்பான வழி இல்லாததால் இதயத்திலும் கல்லீரலிலும் படிகிறது. இரும்பு நீக்கும் மாத்திரையைத் தவறவிடாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுச் சலித்திருப்பீர்கள். இரத்தம் ஏற்றாமல்விட்டதால் நேரும் தீங்கு ஒரு மாதத்தில் தெரியும். மாத்திரையைவிட்டதால் நேருவது பத்தாண்டு கழித்து, இதயத்தில் தெரியும்.

மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை, பிழையுள்ள பட்டறையை அப்புறப்படுத்திவிட்டுப் பிழையற்ற பட்டறையை நிறுவுவது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986 முதல் இதைச் செய்துவருகிறது. உடன்பிறந்தவரின் திசு பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இரும்பு படிந்து கல்லீரல் கெடுவதற்கு முன், சிறு வயதிலேயே செய்தால் பலன் மிகுதி. கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியில் 2017 முதல் நடைபெறும் 'தாலசீமியா பால சேவா' திட்டத்தில், தகுதியுள்ள குழந்தைகளுக்கு 10 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. எங்கள் சமூகப் பணியாளர் விண்ணப்பிக்க உதவுவார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் தாலசீமியா சேர்க்கப்பட்டுள்ளது. சான்றிதழ் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரபணுவைத் திருத்தும் சிகிச்சை பற்றிச் செய்திகளில் படித்துவிட்டு வருபவர்கள் கேட்கிறார்கள். காஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் முதன்முதலாக அனுமதி அளித்தது. அதுவும் அந்தப் பிழையான எழுத்தைத் தொடுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அடங்கிப்போன காமா மரபணுவை மீண்டும் எழுப்பிவிடுகிறது. பீட்டா இல்லாக் குறையைக் காமா ஈடுசெய்கிறது. அதனால் பிழை கோடான் 15ஆக இருந்தாலும் ஐ.வி.எஸ். 1-5ஆக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். அமெரிக்காவில் அதன் பட்டியல் விலை 22 லட்சம் டாலர். அதற்காகக் காத்திருந்து, இன்று செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிக்கச் சொல்லும் விளம்பரங்களைப் பற்றியும் ஒரு சொல். தாலசீமியாவுடன் பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்திலும் அதே எழுத்துப் பிழைதான் இருக்கும். அக்குழந்தைக்கே அதைத் திருப்பிச் செலுத்துவதால் நோய் நீங்காது. நோயற்ற தம்பி தங்கையின் தொப்புள்கொடி இரத்தம் பொருந்தினால் பயன்படலாம். அதைப் பற்றிப் பணம் கட்டுவதற்கு முன் எங்களிடம் பேசுங்கள்.

அறிக்கையின் நகலைத் தாயின் உடன்பிறந்தோருக்கும் தந்தையின் உடன்பிறந்தோருக்கும் கொடுங்கள். மணமாகாத சித்தப்பாவும் அத்தையும் மாமாவும் சித்தியும் ஒரு ஹெச்.பி.எல்.சி. பரிசோதனை செய்துகொண்டால் போதும். புதிதாக நோய் ஐயமுள்ள குழந்தைக்கு முதல் இரத்தம் ஏற்றுவதற்கு முன்பே இப்பரிசோதனைக்கான மாதிரியை எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பின் எடுத்தால் கொடையாளரின் ஹீமோகுளோபின் கலந்து, ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு விடை தெளிவாக இராது. அவசரத்தில் முதலில் இரத்தம் ஏற்றிவிட்டார்கள் என்றால் கவலை வேண்டாம். பெற்றோர் இருவரும் எங்கள் ஆய்வகத்திற்கு வந்து மாதிரி கொடுத்தால், குழந்தையின் விடையை அவர்களிடமிருந்தே பெரும்பாலும் படித்துக்கொள்ளலாம்.